நிலக்கரியைச் சுத்தமாக்க முடியுமா?

நெசவாளர்க்கும் பயிரிடுவோர்க்குமென நடைபெறும் இப்பத்திரிகையில் நிலக்கரியைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. விசைத்தறியை ஓட்டுவது மின்சாரம். கிணற்று நீரை வயலுக்கு ஏற்றுவது மின்சாரம். கைத்தறி நெசவாளர் இரவில் பாவு பார்ப்பதும் அதன் வெளிச்சத்திலேதான். தமிழ்நாட்டில் உழவுப் பம்புசெட்டுகளுக்கு மின்கட்டணம் இல்லை. 2023-ஆம் ஆண்டு முதல் இரு மாதங்களுக்கு ஒருமுறை கைத்தறியாளர்க்கு 300 யூனிட்டும், விசைத்தறியாளர்க்கு 1,000 யூனிட்டும் விலையின்றி அளிக்கப்படுகின்றன. இம்மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துப் பெறப்படுவது. ஆகவே நிலக்கரியின் நன்மை தீமைகளில் நமக்கும் பங்கு உண்டு.

அண்மைக் காலமாகச் 'சுத்தமான நிலக்கரி' என்னும் சொற்றொடர் பெரிதும் வழங்கி வருகிறது. புதிய இயந்திரங்களைப் பொருத்தினால் நிலக்கரியைத் தீங்கின்றி எரிக்கலாம் என்பது அதன் பொருள். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதை இங்கு ஆராய்வோம். சங்கக் கணக்குகளைச் சோதிப்பது எங்கள் இலாகாவின் தொழில். ஒரு தலைப்பிலிருந்து ஒரு செலவு மறைந்திருக்குமாயின், 'செலவு குறைந்தது' என்று நாங்கள் மகிழ்ந்துவிடுவதில்லை. அது எந்தத் தலைப்புக்கு மாற்றப்பட்டது என்று பேரேட்டைப் புரட்டிப் பார்ப்போம். நிலக்கரியின் அழுக்கையும் அவ்விதமே சோதிப்பது தகும்.

இடமும் மக்களும்

பழவேற்காடு என்னும் பெயர் நெசவாள அங்கத்தினர்க்குப் புதிதன்று. டச்சுக்காரர் 1613-இல் அங்கே ஜெல்டிரியாக் கோட்டையை அமைத்து, சோழமண்டலக் கரையின் துணிகளைக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பி வாணிகம் செய்தனர். கட்டம் போட்ட துணி வகை ஒன்றுக்கு மேல்நாட்டார் அவ்வூரின் பெயரையே இட்டு வழங்கினர். இன்று அவ்வூரின் வாழ்வு ஏரியைச் சார்ந்தது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி அது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடக்கிறது. ஆரணியாறும் காளங்கி ஆறும் அதில் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. இவ்விரு நீரும் கலக்கும் இடத்திலேதான் இறால் குஞ்சு வளரும். மடவையும் நண்டும் பெருகும்.

ஏரிக்குத் தெற்கே எண்ணூர்க் கழி உள்ளது. கொசஸ்தலையாறு அங்கே கடலை அடைகிறது. உப்பங்கழிகளும் பக்கிங்காம் கால்வாயும் எண்ணூரையும் பழவேற்காட்டையும் ஒரே நீர்த்தொடராக இணைக்கின்றன. ஒரு முனையில் நேரும் கேடு மறுமுனையாருக்கும் கவலை தருவதே ஆகும்.

பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்றொரு முறை நெடுங்காலமாக உண்டு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில், வலை கட்டுதற்குரிய நீர்ப்பகுதிகளைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். நல்ல பாடு ஒருவனுக்கே என்றும் உரியதன்று. வளங்குறைந்த பாடும் ஒருவன் தலையிலேயே என்றும் விழுவதில்லை. கூட்டுறவுச் சட்டம் இந்நாட்டுக்கு வருமுன்னரே கூட்டுறவின் சாரத்தை அறிந்திருந்த மக்கள் அவர்கள் எனலாம்.

மின்நிலையங்கள்

இந்நீர்த்தொடரின் தென்கரையில் 1970-ஆம் ஆண்டில் எண்ணூர் அனல்மின் நிலையம் தொடங்கிற்று. 450 மெகாவாட் திறன் பெற்றிருந்த அந்நிலையம் 2017-இல் மூடப்பட்டது. 1994-க்கும் 1996-க்கும் இடையில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதற்கட்டம் 630 மெகாவாட் திறனுடன் எழுந்தது. அதன்பின் 1,200 மெகாவாட் திறனுடைய இரண்டாம் கட்டமும், 2024-இல் 800 மெகாவாட் திறனுடைய மூன்றாம் கட்டமும் சேர்ந்தன. தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாட்டு மின்வாரியமும் கூட்டாக நிறுவிய வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட் திறனுடையது. இன்றுள்ள நிலையங்களின் திறனைக் கூட்டினால் 4,130 மெகாவாட் ஆகும்.

இதன் அளவு விளங்க ஒரு சிறு கணக்கு. வல்லூர் நிலையம் ஒரு நாள் முழுவதும் முழுத்திறனுடன் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 3 கோடியே 60 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி வேண்டும். ஆகவே நாளொன்றுக்கு 25,000 டன் நிலக்கரி எரியும். இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு சாம்பல். 35 பங்கு எனக் கொண்டாலும் ஒரே நாளில் 8,800 டன் சாம்பல் மிஞ்சும். வெளிநாட்டு நிலக்கரியைக் கலந்தால் இது சற்றுக் குறையும். எனினும் 20 டன் ஏற்றும் லாரிகளில் நூற்றுக்கணக்கானவை நாள்தோறும் இதற்கு வேண்டியிருக்கும்.

நிலக்கரியில் அடங்கிய அழுக்கு நான்கு வகைப்படும் எனலாம்: சாம்பலும் அதனுள் இருக்கும் பாதரசம், ஆர்சனிக், ஈயம் முதலிய நஞ்சுகளும் ஒன்று, கந்தகம் இரண்டாவது, கழிவு வெப்பம் மூன்றாவது, கரியமில வாயு நான்காவது. இவற்றைத் தனித்தனியே தணிக்கை செய்வோம்.

முதற்கணக்கு: சாம்பல்

புகையிலுள்ள நுண்சாம்பலைப் பிடிப்பதற்கு மின்விசையால் தூசியை ஈர்க்கும் கருவி உண்டு. மின்னேற்றம் பெற்ற துகள்கள் உலோகத் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். தகடுகளைத் தட்டினால் கீழே விழும். செவ்வையாகப் பராமரிக்கப்படும் கருவி நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் தூசியைப் பிடித்துவிடும். இது பாராட்டத்தக்க சாதனை. புகைபோக்கியிலிருந்து கரும்புகை வாராதது கண்டு, 'சுத்தமாகிவிட்டது' என்று சொல்வோரும் உளர்.

பிடித்த சாம்பல் எங்கே போயிற்று என்பதே நம் வினா. ஒரு பகுதி சிமெண்டு ஆலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் போகிறது. இஃது உண்மையான பயன். சாம்பல் கலந்த சிமெண்டு உறுதியானது. எஞ்சிய பகுதி நீரில் கரைக்கப்பட்டுக் கூழாகிக் குழாய்வழி சாம்பற்குளத்துக்குச் செல்கிறது. வடசென்னை நிலையத்தின் சாம்பற்குளம் செப்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது. அதற்குச் செல்லும் குழாய்கள் கழிநிலத்தின் ஊடே போகின்றன. உப்புக் காற்றில் துருவேறிய குழாய்கள் பன்முறை கசிந்தன. சாம்பற்கூழ் கழியிலும் கொசஸ்தலையாற்றிலும் பரவிப் படிந்தது. படுகை மேடிட்டு, நீரின் ஆழம் குறைந்தது.

காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர் இதனைப் பல்லாண்டுகளாக எடுத்துச் சொல்லி வந்தனர். சேறு இருந்த இடத்தில் சாம்பல் படிந்தால் இறால் தங்காது. வலையில்லாமல், நீருக்குள் கையால் தடவி இறால் பிடித்து வாழும் இருளர் குடியினர்க்கு அச்சேறே விளைநிலம். விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. அதன் தென்மண்டல அமர்வு 2022-ஆம் ஆண்டு ஜூலையில் தீர்ப்புக் கூறி, சாம்பற்கசிவால் நேர்ந்த கேட்டைச் சீர்செய்யுமாறு பணித்தது.

சங்கக் கணக்கில் 'அனாமத்து' என்றொரு தலைப்பு உண்டு. எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் வைப்போம். ஆண்டுகள் பல சென்றும் தீராமல் அனாமத்து பெருகுமாயின், அச்சங்கத்தில் ஏதோ கோளாறு என்று பொருள். சாம்பற்குளம் அத்தகைய அனாமத்துக் கணக்கே. 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் கிங்ஸ்டன் மின்நிலையத்தின் சாம்பற்கரை உடைந்து, லட்சக்கணக்கான கன மீட்டர் சாம்பற்சேறு எமரி ஆற்றில் பாய்ந்தது. செல்வமும் விஞ்ஞானமும் மிகுந்த நாட்டிலும் அனாமத்து ஒருநாள் உடைப்பெடுக்கும் என்பதற்கு அது சான்று.

நம் நாட்டில் சாம்பலைப் பயன்படுத்துமாறு 1999-இல் மத்திய அரசு முதல் அறிவிக்கையை வெளியிட்டது. 2021 டிசம்பரில் வந்த அறிவிக்கை, சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டுமென்றும், தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென்றும் விதித்தது. விதி நல்லதே. முதல் அறிவிக்கைக்கும் இதற்கும் இடையே 22 ஆண்டுகள் கழிந்தன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாம் கணக்கு: கந்தகம்

லண்டன் மாநகரில் 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து தங்கியதால் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1956-இல் பிரிட்டன் காற்றைத் தூய்மை செய்யும் சட்டம் இயற்றிற்று. புதிய மின்நிலையங்களுக்கு மிக உயர்ந்த புகைபோக்கிகள் கட்டப்பட்டன. ஊர்க்காற்று தெளிந்தது. ஆனால் உயரே சென்ற கந்தகப் புகை காற்றோடு வடகடலைத் தாண்டிற்று. சுவீடனிலும் நார்வேயிலும் மழை புளித்தது, ஏரிகளின் நீர் அமிலமாயிற்று, மீன்கள் அற்றுப்போயின. பிரிட்டன் மட்டுமன்றி ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் புகையும் அதில் சேர்ந்தது. சுவீடன் விஞ்ஞானியான ஸ்வாந்தே ஓடேன் 1960-களின் பிற்பகுதியில் இதனை வெளிப்படுத்தினார். லண்டன் கணக்கில் தீர்ந்த கடன், யாரோ ஒரு நார்வே மீனவனின் கணக்கில் பற்று எழுதப்பட்டது.

இதற்கு மாற்றாக வந்ததே கந்தகம் நீக்கும் கருவி. சுண்ணாம்புக்கல்லை அரைத்து நீரில் கலந்து புகையின்மீது தெளிப்பர். கந்தக டையாக்ஸைடு அதனோடு சேர்ந்து ஜிப்சமாக மாறும். கருவி நன்கு வேலை செய்வதில் ஐயமில்லை. கிடைக்கும் ஜிப்சமும் சிமெண்டுக்கும் பலகைகளுக்கும் பயன்படும். நிலக்கடலை பயிரிடுவோரும் களர்நிலம் திருத்துவோரும் ஜிப்சத்தின் அருமையை அறிவர். ஆயினும் ஒரு டன் கந்தக டையாக்ஸைடைப் பிடிக்க ஒன்றரை டன்னுக்கு மேல் சுண்ணாம்புக்கல் வேண்டும். இரண்டரை டன்னுக்கு மேல் ஜிப்சம் உண்டாகும். அச்சுண்ணாம்புக்கல்லிலிருந்தே ஏறத்தாழ 700 கிலோ கரியமில வாயுவும் வெளியேறும். கல்லை எங்கோ ஒரு மலையில் வெட்ட வேண்டும். கருவியை ஓட்ட நிலையத்தின் மின்சாரத்திலேயே ஒரு சிறு பகுதி செலவாகும். கழுவிய நீரையும் எங்கேனும் விட வேண்டும்.

2015 டிசம்பரில் மத்திய அரசு அனல்மின் நிலையங்களுக்குப் புதிய புகை வரம்புகளை விதித்து, இரண்டாண்டுத் தவணை அளித்தது. தவணை ஒருமுறைக்குப் பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் வெளியான அறிவிக்கை, பெரும்பாலான நிலையங்களைக் கந்தகக் கருவி பொருத்தும் கடமையினின்றும் விடுவித்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களை ஒட்டி 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 இறுதி வரை தவணை கிடைத்தது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பதும் கருவியின் விலை மிகுதி என்பதும் கூறப்பட்ட காரணங்கள். அவற்றின் தகுதியை அறிஞர்கள் விவாதிக்கட்டும். கருவி இருக்கிறது என்பது வேறு, கருவி பொருத்தப்பட்டு ஓடுகிறது என்பது வேறு; இவ்வேற்றுமை மட்டும் நமக்குப் போதும். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதெல்லாம் கைஇருப்பு ஆகிவிடாது.

மூன்றாம் கணக்கு: வெப்பம்

நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோதான் மின்சாரம் ஆகிறது. எஞ்சியது புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் வெளியேறும். வடசென்னை நிலையம் கடல்நீரை எடுத்துக் குளிர்வித்தபின், சூடேறிய நீரைக் கழிக்கு விடுகிறது. முட்டையும் குஞ்சும் தாங்கக்கூடிய வெப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. காற்றைத் தூய்மை செய்யும் கருவி எதுவும் இவ்வெப்பத்தைக் குறைப்பதில்லை.

புதிய 800 மெகாவாட் நிலையம் மிகு அழுத்தத்தில் இயங்கும் வகையைச் சேர்ந்தது. அத்தகைய நிலையம் வெப்பத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கை மின்சாரமாக்கும். ஒரு யூனிட்டுக்குச் செலவாகும் நிலக்கரி பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். இது நல்ல சிக்கனம். ஆனால் சிக்கனம் வேறு, கடன் தீர்ந்தது வேறு.

நான்காம் கணக்கு: கரியமில வாயு

சாம்பல், கந்தகம் ஆகியவை நிலக்கரியில் கலந்த அழுக்குகள். கரியோ நிலக்கரியின் உயிர். அது எரிவதாலேயே வெப்பம் கிடைக்கிறது; எரிந்தால் கரியமில வாயு உண்டாகியே தீரும். 12 கிலோ கரி எரிந்தால் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து 44 கிலோ வாயு ஆகும். ஆதலால் எரித்த நிலக்கரியைவிட வெளிவரும் வாயுவின் எடை மிகுதி. வல்லூர் நிலையம் முழுத்திறனில் ஓடும் நாளில் 34,000 டன் அளவுக்கு வாயு வெளியேறும் என்று மதிப்பிடலாம். உலகம் வெப்பமாவதற்கும் கடல் மட்டம் உயர்வதற்கும் இவ்வாயு முதற்காரணம். கடலுக்கும் ஏரிக்கும் இடையே தாழ்ந்த மணல்மேட்டில் வாழும் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இதனைப் புகையிலிருந்து பிரித்து நிலத்தடியில் அடைக்கலாம் என்பதே 'சுத்தமான நிலக்கரி' வாதத்தின் உச்சி. செய்து பார்த்த இடங்களை நோக்குவோம். கனடாவின் பவுண்டரி டாம் நிலையத்தில் ஓர் அலகு மட்டும் 2014 முதல் இவ்வாறு இயங்குகிறது. பிடித்த வாயுவின் பெரும்பகுதி எண்ணெய்க் கிணறுகளில் மேலும் எண்ணெய் எடுக்கச் செலுத்தப்பட்டது. அமெரிக்காவின் பெட்ரா நோவா 2017-இல் தொடங்கி, 2020-இல் நிறுத்தப்பட்டு, 2023-இல் மீண்டும் இயங்கிற்று. அதன் வாயுவும் எண்ணெய் வயலுக்கே சென்றது. மிஸிஸிப்பி மாநிலத்தின் கெம்பர் திட்டம் 750 கோடி டாலர் அளவுக்குச் செலவு ஏறியபின், 2017-இல் நிலக்கரியைக் கைவிட்டு இயற்கை வாயுவை எரிக்கத் தொடங்கிற்று.

நம் தூத்துக்குடியிலும் ஒரு முயற்சி நடந்தது. அங்குள்ள காரப்பொருள் தொழிற்சாலை ஒன்று, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்புச் செய்யும் ஏற்பாட்டை 2016-இல் தொடங்கிற்று. உலகமே கவனித்த திட்டம் அது. ஒரு தொழிற்சாலையின் தேவைக்கு அது சிறந்த வழியே. ஆனால் அந்த ஓராண்டு அளவு, வல்லூர் முழுத்திறனில் ஓடும் இரண்டு நாள் வாயுவுக்கும் போதாது. இனி, பெருநிலையங்களில் இவ்வாயுவைப் பிரிக்க, நிலையம் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரையிலோ அதற்கு மேலோ செலவாகும். நமக்கு வேண்டிய அதே மின்சாரம் கிடைக்க இன்னும் அதிக நிலக்கரி எரிக்க வேண்டும். அதனால் சாம்பலும் அதிகமாகும். நான்காம் கணக்கைத் தீர்க்கப் போய் முதற்கணக்கில் கடன் ஏறும்.

ஐந்தொகை

இவற்றால் பெறப்படும் முடிவு ஒன்றே. நிலக்கரியின் அழுக்கைக் குறைக்க முடியும், குறைக்கவும் வேண்டும். தூசியையும் கந்தகத்தையும் பிடிக்கும் கருவிகள் மனித உயிரைக் காப்பவை. அவற்றைப் பொருத்தத் தயங்குவது பிழை. ஆனால் நிலக்கரியைச் சுத்தமாக்கிவிட்டோம் என்று எவரேனும் கூறினால், அழுக்கு காற்றிலிருந்து நீருக்கோ, நீரிலிருந்து நிலத்துக்கோ, இவ்வூரிலிருந்து அவ்வூருக்கோ மாறியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

'அப்படியானால் நாளைக்கே நிலையங்களை மூடிவிடலாமா?' என்று கேட்பர். அவ்வாறு கூறுவதற்கில்லை. தறிகளும் ஆஸ்பத்திரிகளும் இரவிலும் இயங்க வேண்டும். காற்றாலை எல்லா மாதங்களிலும் சுழலாது. சூரிய ஒளி இரவில் இல்லை. எனினும் தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. சூரிய மின்சாரமும் வேகமாகப் பெருகுகிறது. இருக்கும் நிலக்கரி நிலையத்தை விதிப்படி நடத்துவது ஒரு கடமை. 'இனிச் சுத்தம்தானே' என்று சொல்லிப் புதிய நிலையத்தை அதே கழிக்கரையில் எழுப்புவது வேறு காரியம். பழவேற்காட்டு ஏரியின் தொல்லைகள் யாவும் நிலக்கரியால் வந்தவையும் அல்ல; முகத்துவாரம் மணலால் அடைபடுவது பழைய இன்னல். ஏற்கெனவே கடன்பட்ட அங்கத்தினர் மீது புதுக்கடனைச் சுமத்தும்போது அதிக எச்சரிக்கை வேண்டும் என்பதற்கே அது காரணமாகும்.

அங்கத்தினர் செய்யக்கூடியவை

முதலாவது, கேள்வி கேட்பது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி பெருந்திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்பெற வேண்டும். அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு; திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். அதனைச் சங்கத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் கேட்கலாம். பின் கூட்டத்தில் இவ்வினாக்களை எழுத்தில் கொடுக்கலாம்: நாளொன்றுக்கு எவ்வளவு சாம்பல் உண்டாகும்? அது எங்கே போகும்? சென்ற ஆண்டின் சாம்பல் எங்கே இருக்கிறது? சூடான நீர் எந்த இடத்தில், எத்தனை டிகிரியில் விடப்படும்? கருவி பழுதானால் நிலையம் நிற்குமா, ஓடுமா? இழப்பு நேர்ந்தால் கொடுப்பவர் யார்?

இரண்டாவது, கணக்கு வைப்பது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் நாள்தோறும் கிடைத்த மீனின் வகை, எடை, பிடித்த இடம், நீரின் நிறம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வரலாம். ஏரியை அடுத்த பயிர்ச் சங்கங்கள் கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை சோதித்து, முடிவுகளைக் கோப்பில் சேர்க்கலாம். விவகாரம் எழும் நாளில், 'முன்பெல்லாம் நிறையக் கிடைத்தது' என்னும் வாய்ச்சொல்லைவிடப் பத்தாண்டுப் பதிவேடு வலிமையுடையது.

மூன்றாவது, ஆவணங்களைப் பெறுவது. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிலையங்கள் ஆண்டுக்கு இருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை அளிக்க வேண்டும். அவை பொது ஆவணங்கள். கிடைக்காதபோது 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் துணை செய்யும்.

நெசவாளரும் பயிரிடுவோரும் இதில் மீனவருடன் நிற்பது கருணையால் மட்டும் அன்று. நமக்கு விலையின்றி வரும் யூனிட்டின் விலையில் ஒரு பகுதியை அவர்களுடைய கழி கொடுத்து வருகிறது. நல்ல பாடும் வளங்குறைந்த பாடும் மாறி மாறி எல்லோருக்கும் வர வேண்டும் என்பது அவர்கள் ஏரியில் காத்து வந்த நீதி. மின்சாரமாகிய நல்ல பாடு நம் எல்லோருக்கும், சாம்பலாகிய பாடு எண்ணூர், பழவேற்காட்டு மக்களுக்கு மட்டும் என்று சீட்டு விழுந்திருப்பது கூட்டுறவு நெறிக்கு ஒவ்வாது. அச்சீட்டை மாற்றிப் போடுமாறு கேட்கும் மனுக்களில் நம் சங்கங்களும் கையொப்பமிட வேண்டும்.